கப்பல் சாப்பாட்டுக்குத் தைத்த வெள்ளை உடுப்பு

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சோறு தின்னப் போகும்போது எதை உடுத்த வேண்டும், எதை உடுத்தக் கூடாது என்று உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்களா? எனக்கு வந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. எடுத்துப் படித்தேன். பொறுக்கிய காயையெல்லாம் திரும்பக் கூடையிலேயே கொட்டிவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருசம் ஆகிறதாம். அதற்காக எங்களைச் சொகுசுக் கப்பலில் மூன்று நாள் கூட்டிப்போகிறானாம். நல்லது, கூட்டிப் போகட்டும். ஆனால் கப்பலில் இராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் உடுப்பு வேண்டுமாம். முதல் நாள் சாதா உடுப்பு, ஆனால் ரப்பர் செருப்பு கூடாது. இரண்டாம் நாள் அப்பாவுக்குக் கோட்டு, அம்மாவுக்குப் பட்டு. மூன்றாம் நாள் குடும்பம் மொத்தமும் வெள்ளை, அன்றைக்குப் போட்டோ எடுப்பார்கள். ஐந்து பேருக்கும் வெள்ளை உடுப்பை இங்கே புதுக்கோட்டையிலேயே தைத்து எடுத்து வர வேண்டும் என்று அளவுகளை வேறு அனுப்பியிருந்தான். அதற்கெல்லாம்கூட எனக்குக் கோபமில்லை. கடைசி வரி இருக்கிறது பாருங்கள், அதுதான்.

"அம்மாவுக்கு இந்த டிரெஸ் விஷயமெல்லாம் கஷ்டமா இருந்தா பரவாயில்ல. டின்னரை ரூமுக்கே வரவச்சுரலாம். அம்மா ஜாலியா ரூம்லயே சாப்பிடட்டும்."

ஜாலியாகவாம். நேரில் இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே அவனை நாலு வாங்கு வாங்கியிருப்பேன். எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "நல்லாத்தானே எழுதியிருக்கான், ஒன்னோட வசதிக்குத்தானே சொல்றான்" என்றார். அவரும் ஆண்பிள்ளைதானே, வேறு எப்படிப் பேசுவார்.

மகனுக்குத் தெரியாது. கப்பலில் "ரூமுக்கே சாப்பாடு வரும்" என்று சொல்லப்பட்ட முதல் பெண் நான் இல்லை. என்னைப் பெற்றவளுக்கு அது நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது, பக்கத்தில் நின்றேன். இத்தனை வருசம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், இப்போது உங்களிடம் சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அங்கே அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவுக்கு மலேயாவில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை. கிராணி என்றால் குமாஸ்தா, வேறொன்றுமில்லை, ஆனால் ஊரில் அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் தோட்டமே அவருடையது என்று நினைப்பீர்கள். மூன்று நாலு வருசத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஆத்தாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் அவரோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருசம்கூடத் தேறாது. அந்த ஒரு வருசத்திலும் அவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அவர் கை கழுவிய பிறகுதான் ஆத்தா அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எங்கள் ஊரில் அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். புருசனும் பொண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கல்யாணத்தன்றைக்குப் பார்த்தால்தான் உண்டு.

அந்தத் தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு அப்பா வந்தார். வந்ததும் வராததுமாக ஒரு சேதி சொன்னார். எங்களையும் மலேயாவுக்குக் கூட்டிப் போகப் போகிறார். சித்திரையில் நாகப்பட்டினத்தில் கப்பல். தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்கிற கிராணிக்கு வீடு கொடுப்பார்கள், ஆனால் கண்டவனுக்கும் கொடுக்க மாட்டார்கள். தோட்டத்து மேனேஜர் மெட்ராஸ்காரர், அவரும் அவர் சம்சாரமும் அதே கப்பலில் வருகிறார்கள். தோட்டத்தில் எங்களுக்கும் கேபின் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பதால் இராத்திரிச் சாப்பாடு அவர்களோடு ஒரே ஹாலில். "அங்கன ஒங்களப் பாத்துட்டுத்தான் வீடு குடுக்குறதா இல்லையான்னு முடிவு பண்ணுவாரு. மானத்த வாங்கிறாதீங்க, ஆமா" என்றார்.

ஆத்தா அந்த மிரட்டலையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஹால்ல நீங்களும் எங்க கூட உக்காந்துதானே சாப்பிடுவீங்க?"

"பின்ன? குடும்பம்னா ஒரே மேசைதான்."

ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் அவள் தானாகச் சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவளுக்கு மலேயாவும் வேண்டாம், வீடும் வேண்டாம். அந்த மேசைதான் வேண்டியிருந்தது.

அப்பா ஒரு தாளில் பட்டியல் எழுதிச் சோற்றுப் பசை வைத்துச் சுவரில் ஒட்டினார். இராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கும் தம்பிக்கும் வெள்ளை முழுக்கைச் சட்டை. எனக்கு வெள்ளை கவுன், வெள்ளை ஷூ. ஆத்தாவுக்கும் வெள்ளை நைலக்ஸ் சேலை என்று எழுதியிருந்தார். "தாலி கட்டிக்கிட்டவ வெள்ளையா கட்டுவா?" என்று ஆத்தா கேட்ட பிறகு, முனகிக்கொண்டே அதை அடித்துச் சந்தனக் கலர் என்று திருத்தினார். அறந்தாங்கியில் தைக்கக் கொடுத்தோம். டெய்லர் வெள்ளைத் துணிக் கட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பேண்டு செட்டு எதும் ஆரம்பிக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த டெய்லரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அப்புறம் ஒத்திகை. நம்புங்கள், ஒத்திகையேதான். இரண்டு நெல் மூட்டைகள் மேல் பலகை போட்டு மேசை, டீக்கடையில் கடன் வாங்கின பெஞ்சு, அவர் கொண்டுவந்த எனாமல் பூசின மங்குத் தட்டுகள், ஆளுக்கொரு ஸ்பூன். தினமும் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து ஸ்பூனால் ரசஞ்சோறு சாப்பிட வேண்டும், காலில் ஷூவோடு. அவர் உட்கார மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரீட்சை வாத்தியார் மாதிரி சுற்றிச் சுற்றி வருவார். "சத்தம் போடாத. வாயை மூடி மெல்லு. முழங்கையை எடு." தம்பிக்கு ஆறு வயது, ஸ்பூனைக் கடித்துப் பல்லில் ரத்தம் வந்தது. தெருவே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. "ஏன்டி, தொரைசாணி ஆயிட்டியா? எங்களுக்கும் ஒரு கரண்டி குடேன்" என்று ஒருத்தி ஆத்தாவைக் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆத்தாவுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கியிருந்தார். நடவு நட்டு வெடித்துப் போன கால் அதற்குள் போகவே இல்லை. விளக்கெண்ணெய் தடவி அமுக்கி நுழைத்தாள். முதல் நாள் சோற்றைப் பார்த்ததும் பழக்கத்தில் ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"ஷூவைப் போடு!"

"சோத்துக்கு முன்னாடி எப்படிங்க அதப் போட்டுக்கிட்டு உக்கார்றது? வீட்ல லெச்சுமி தங்குமா?"

"அப்ப நீ லெச்சுமியோட இங்கேயே இரு. நான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஆத்தா ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பங்குனி முடிவதற்குள் எங்கள் மூன்று பேரில் ஆத்தாதான் தேறினாள். கெண்டை மீன் குழம்புச் சோற்றை ஸ்பூனால், முள்ளை நாக்கிலேயே பிரித்து, ஒரு சத்தமில்லாமல் சாப்பிடுவாள். ஷூ போட்டு நடக்கும்போது அசையாமல் நடப்பாள். பகலில் யாரும் இல்லாதபோது வெறும் தட்டை வைத்துப் பழகினாள். அப்பா அதை ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் ஆத்தா அந்தக் காரியத்தைச் செய்தாள். உங்களில் யார் வீட்டிலும் இதைச் செய்யாமல் இருந்திருக்க மாட்டார்கள். புதுத்துணி என்றால் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடம்பில் போடுவதில்லை. தீபாவளிக்கு ஒரு கைக்குட்டை வாங்கினாலும் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் இருக்கும். அதுவும் கடலைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் போடப்போகிற துணி. சாமி மாடத்தில் விளக்கேற்றி, மஞ்சளை உரசி, தம்பி சட்டைக் காலரில், என் கவுன் கழுத்தில், அப்பா சட்டைக் காலரில், தன் சேலை முந்தியில் ஆள்காட்டி விரலால் தொட்டு வைத்தாள். அப்பா வாசலில் நின்று, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, இங்கிட்டு வாரியா இல்லையா" என்று கத்தினார். ஈரம் காயுமுன் துணிகளை மடித்துப் பச்சை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வரவில்லை. தூரத்தில் நின்றது. படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். கடல் தண்ணீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கத் தம்பி அலறினான். கீழே டெக்கில் பாயும் மூட்டையுமாக நூற்றுக்கணக்கான ஆட்கள். எங்களுக்கு மேலே ஒரு சின்ன கேபின், இரும்புக் கட்டில்கள், பெயிண்ட் வாடை, உருண்டையாக ஒரு ஜன்னல். அன்றைக்குச் சாயங்காலம் மணியடித்தார்கள், சாப்பாட்டு மணி. ஆத்தா அதற்கு முன்னாலேயே சந்தனக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, ஷூவும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

அப்பா தன் சட்டையை எடுத்து உதறினார்.

ஈரத்தோடு மடித்ததில் காலரில் வைத்த மஞ்சள் மடிப்புக்கு மடிப்பு இறங்கி நெஞ்சுப் பக்கம் வரைக்கும் பதிந்திருந்தது. தம்பி சட்டையும் அப்படி, என் கவுனும் அப்படி.

அவர் வாயில் வந்த வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. பேசிக்கொண்டே மூன்று உடுப்புகளையும் சுருட்டிக் கொண்டுபோய்க் கை கழுவுகிற தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார். சோப்பை எடுத்தார்.

"சோப்பு போடாதீங்க" என்றாள் ஆத்தா. "மஞ்சளுக்குச் சோப்பு பட்டாச் செவந்துபோகும். நாளைக்கு நல்ல வெயில்ல கொஞ்ச நேரம் காயப் போட்டாத் தானா மங்கிப் போயிரும். கேளுங்க, சோப்பு வேணாம்."

"வாய மூடு. டெக்குல துணி காயப் போடச் சொல்றியா? மேனேஜர் சம்சாரம் நடந்து போற எடத்துல?"

பத்து வயதுப் பிள்ளைக்கு, எனக்கே தெரியும், மஞ்சளில் சோப்பு பட்டால் என்னாகும் என்று. ஊரில் துணி துவைத்த எந்தப் பொம்பளைக்கும் தெரியும். பதினைந்து வருசமாக யாரோ துவைத்த சட்டையை மட்டும் போட்டவருக்குத் தெரியவில்லை. தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சிவப்பானது. தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது மூன்று வெள்ளை உடுப்பிலும் நெஞ்சில் வெட்டுப்பட்ட மாதிரி சிவப்பு.

ஆத்தா அப்போதும் தளரவில்லை. "புள்ளைக்குப் பட்டுப் பாவாடை இருக்குங்க, கட்டிவிடறேன். தம்பிக்குக் கட்டம் போட்ட சட்டை இருக்கு."

"பாவாடையா? அங்க என்ன தேர்த்திருவிழாவா நடக்குது?" வரும்போது போட்டிருந்த கோடு போட்ட சட்டையையே மறுபடியும் மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு மஞ்சளப் பூசுன, நாளைக்கு மேசையில என்னத்தச் செய்வியோ. நீங்க மூணு பேரும் இங்கேயே இருங்க. ரூமுக்கே சாப்பாடு வரும்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஆத்தா ஷூவோடு நடு கேபினில் நின்றுகொண்டே இருந்தாள். சாப்பாடு வந்தது. ரொட்டி, ஆறிப்போன சூப்பு. எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் ஷூவைக் கழற்றினாள். குதிகால் தோல் உரிந்து ஷூவோடு வந்தது.

அடுத்த நாளும் அதேதான். மேனேஜரிடம் எங்களுக்குக் கடல் மயக்கம் என்று சொல்லிவிட்டதாக அப்பா வந்து சொன்னார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற நாங்கள் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார். தம்பிக்கு ரொட்டி இறங்கவில்லை, சோறு சோறு என்று அழுதான். மூன்றாம் நாள் கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வந்தது. ஆத்தா எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று டெக்குக்கு இறங்கிவிட்டாள். செருப்புக்கூடப் போடவில்லை.

அங்கே ஜெகதாப்பட்டினத்துப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் புருசனைத் தேடித்தான் போகிறாள். எங்களைப் பார்த்ததும் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கத்தா, உக்காருங்க. புள்ளை மொகம் வாடிக் கெடக்கே" என்று தன் கருவாட்டுப் பொட்டலத்தையும் பிரித்துவிட்டாள். சுடுசோறு, சாம்பார், கருவாடு. கையால் அள்ளிச் சாப்பிட்டோம். அந்த அக்கா ஏதோ சொல்ல ஆத்தா வாய்விட்டுச் சிரித்தாள். கப்பல் ஏறிய பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாளும் இறங்கினோம். அன்றைக்குத்தான் மேனேஜரின் சம்சாரம் டெக்கைச் சுற்றிப் பார்க்க வந்தார். பெரிய இடத்து அம்மா என்று பார்த்தாலே தெரிந்தது. என் முன்னால் குனிந்து, "எந்த ஊரும்மா நீ? இவ்வளவு நீளச் சடை!" என்று கன்னத்தைத் தொட்டார். அவர் குனிந்தபோது புதுச் சேலையின் முந்தி என் மடியில் விழுந்தது. அதன் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் இருந்தது. எங்கள் ஆத்தா வைத்த மாதிரியே ஆள்காட்டி விரல் அளவுக்கு. நான் அதை ஆத்தாவிடம் காட்ட வாயைத் திறக்குமுன் அப்பா அங்கே வந்துவிட்டார். எங்களைத் தேடிக்கொண்டு வந்திருப்பார். முகம் வெளுத்துப் போனது.

"இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அப்பா எங்களைப் பார்க்கவில்லை. "எங்க ஊர்க்காரங்க, மேடம். துணைக்குக் கூட்டிக்கிட்டு வாரேன்."

"உங்க வீட்டில எப்படி இருக்காங்க? இன்னும் தலை தூக்கலையா?"

"கேபின்ல படுத்திருக்காங்க, மேடம்."

ஆத்தா கையில் பிசைந்த சோறு இருந்தது. அதைத் தம்பி வாயில் ஊட்டினாள். அடுத்த உருண்டையை உருட்டி என் வாயில் ஊட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டு மேலே போனார், அப்பாவும் பின்னாலேயே போனார்.

பினாங்கில் இறங்கியதும் மேனேஜர் கார் போகிற வரைக்கும் அப்பா எங்களை ஒரு கிடங்கின் நிழலில் நிற்க வைத்தார். அப்புறம் அவருக்குத் தெரிந்தவர் கடைக்கு மேலே ஓர் அறையில் பதினோரு நாள். பொண்டாட்டி பிள்ளை என்று இனி எங்களைத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாதே, ஊர்க்காரங்க என்று சொல்லியாகிவிட்டதே. அதே கப்பல் திரும்பும்போது எங்களை ஏற்றிவிடப் போவதாக வந்து சொன்னார். ஆறு மாசம் போகட்டும், எல்லாம் மறந்துபோகும், மறுபடி கூப்பிடுகிறேன் என்றார். இந்தத் தடவை டெக் டிக்கெட்.

துறைமுகத்தில் ஆத்தா அவர் முன்னால் நின்று பேசினாள். அவரை நேராகப் பார்த்து அவள் பேசி நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதாங்க. ஊர்க்காரிதான் நான். ஊருக்கே போறேன். கூப்புடாதீங்க."

திரும்பி வரும் கப்பலில் முதல் வேலையாக ஆத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மூன்று வெள்ளை உடுப்பையும் நல்ல தண்ணீரில் நன்றாக அலசினாள், சிவப்பு மறுபடி மஞ்சளானது. டெக்கில் கயிறு கட்டி நடு வெயிலில் காயப் போட்டாள். முதல் நாள் மங்கியது. மூன்றாம் நாள் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. ஐந்தாம் நாள் ஒன்றுமே இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆத்தா அப்பாவின் சட்டையைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாகப்பட்டினம் வருவதற்கு முந்தின சாயங்காலம் எனக்குக் கவுனும் ஷூவும், தம்பிக்கு முழுக்கைச் சட்டையும் போட்டுவிட்டாள். தானும் சந்தனக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டாள். பாயில் உட்கார்ந்து எல்லோரோடும் சாம்பார் சோறு சாப்பிட்டோம். கப்பல் சாப்பாட்டுக்கென்று தைத்த உடுப்பைக் கப்பல் சாப்பாட்டுக்கு ஒரு தடவையாவது போட்டாயிற்று. அவளுடைய கறுப்பு ஷூவை மட்டும் காணவில்லை. கடலில் போட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அப்பா ஊருக்கு எழுதின கடுதாசியில், அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் அனுப்பினேன் என்று எழுதினார். ஊரும் அதை நம்பியது. ஊரை விடுங்கள், நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினாறு வயதில், படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில், ஆத்தாவின் முகத்துக்கு நேரே கேட்டேன். "நீ மட்டும் அன்னைக்கு அந்த மஞ்சளத் தொட்டு வைக்காம இருந்திருந்தா நான் மலேயாவுல படிச்சிருப்பேன்ல?" சோப்புப் போட்டவர் யாரென்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பொய் சொன்னவர் யாரென்று கேட்டவள் நான். ஆனாலும் குற்றத்தை ஆத்தா தலையில்தான் போட்டேன், அவள்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். ஆத்தா என்னைத் திட்டியிருக்கலாம். முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கேட்க அவளும் இப்போது இல்லை.

வேலை முடிந்து அப்பா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வரும்போது ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆத்தா அவருக்கு வேளா வேளைக்குச் சமைத்துப் போட்டாள், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அவர் மேசைக்கு வருமுன்னால் அவள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாள். கடைசி வரைக்கும் அப்படித்தான். ஒரு நாள் அவரே, "நீயும் வந்து உக்காரேன்" என்றார். "நான் அப்பவே சாப்புட்டேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு எடுக்கும் வெள்ளைச் சட்டையில் மட்டும் மஞ்சளைக் காலரில் வைக்க மாட்டாள். நெஞ்சுப் பையின் மேல், பார்த்த உடனே தெரிகிற மாதிரி வைப்பாள். அவரும் மூச்சுக் காட்டாமல் போட்டுக்கொள்வார்.

இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று தம்பியிடம் போன வாரம் கேட்டேன். "எனக்குக் கப்பலே ஞாபகம் இல்லக்கா, அந்தக் கருவாடுதான் ஞாபகம் இருக்கு" என்கிறான். கொடுத்து வைத்தவன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மகன் அனுப்பிய அளவுப்படி ஐந்து பேருக்கும் வெள்ளை உடுப்பு தைத்து நேற்று வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் சட்டை, மருமகளுக்குச் சுடிதார், பேத்திக்குக் கவுன். எனக்கு மட்டும் சேலையும் ரவிக்கையும். கல்யாண நாளுக்கு வெள்ளையா என்று கேட்க நினைத்தேன். சரி, கட்டித்தான் பார்ப்போமே என்று விட்டுவிட்டேன். இன்று காலையில் குளித்துவிட்டு மஞ்சள் உரசினேன். ஐந்து பேர் உடுப்பிலும் தொட்டு வைத்தேன், மறைவாக இல்லை, கழுத்துக்குக் கீழே, போட்டோவில் விழுகிற இடத்தில். வெயிலில் நன்றாகக் காய வைத்துத்தான் மடித்தேன். மடிக்குமுன் ஒரு படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன்.

ஐந்து நிமிசத்தில் மருமகள் எழுதினாள். "ஐயோ அத்தை, வெள்ளை டிரெஸ்ல என்ன கறை? சோப்பு போட்டா போயிருமா?"

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பதில் அடித்தேன். "கறை இல்லை, மஞ்சள். சோப்பு மட்டும் போட்டுறாத. அப்புறம் ஒம் புருசன்ட்டச் சொல்லு, ரூமுக்குச் சாப்பாடு சொல்ல வேணாம். மேசையில எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு, ஒங்க மாமாவுக்குப் பக்கத்துல."